பழைய ஓணான் படத்தாள் மூன்று: அசலா, நகலா? திருகோணமலை ஈரத்தில் எப்படி வைப்பது?

உவர்மலையான்:

மூன்று பழைய படத்தாள்கள் கையில் இருக்கு. மூன்றும் ஓணான் வகைப் படங்கள்தான். அந்தக் காலத்து அச்சா, பிறகு எடுத்த நகலா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்க. கண்ணில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் தாள் 22 × 13 செ.மீ. கிளையில் ஒற்றை ஓணான், வால் நல்ல நீளம். உடம்பு நீலச் சாம்பல், முதுகில் குறுக்கே மங்கிய கறுப்புப் பட்டிகள். பக்கத்தில் நாலைந்து இலை. படத்தைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. இடப்பக்க ஓரத்தில் மூன்று துளை. தாள் முழுக்கக் கபிலப் புள்ளி.

இரண்டாம் தாள் 36 × 25 செ.மீ. நிறம் இல்லை. சின்ன ஓணான்கள், ஒன்றுக்கு மூக்கில் கொம்பு. தலையை மேலிருந்து பார்த்த படம், பாதத்தின் அடிப்பக்கம் என்று துண்டு துண்டாகவும் வரைந்திருக்கு. கீழ் ஓரத்தில் ஃபோர்ட் என்ற பெயர்.

மூன்றாம் தாள் 35 × 26 செ.மீ. பல வகை ஓணான்களை அலங்காரம்போல் அடுக்கி இருக்கு. கீழே ஹெக்கல் என்ற பெயர், 79 என்ற எண்.

சட்டம் போடும் கடையில் மூன்றையும் ஹார்ட்போர்ட்டில் பசை பூசி ஒட்டி, மேலே லமினேட் பண்ணித் தரலாம், பூச்சி அரிக்காது, ஈரமும் ஏறாது என்கிறார்கள். வீடு கடலில் இருந்து இருநூறு மீற்றர், மாட்ட நினைப்பது கிழக்குச் சுவரில். கபிலப் புள்ளியை எலுமிச்சம்புளியாலோ பிளீச்சாலோ எடுக்கலாமா?

செப்புத்தகடு:

தம்பி, ஒட்டவும் வேண்டாம், லமினேட்டும் வேண்டாம். லமினேட் என்பது சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நாருக்குள் இறங்கிப் பிடிப்பது. பிறகு பிரிக்க வழியே இல்லை. ஹார்ட்போர்ட் மரநாரை அழுத்திச் செய்தது. அதிலிருந்து கசியும் அமிலம் சில வருஷத்தில் தாளின் பின்பக்கத்தைக் கபிலமாக்கும். புள்ளிகளைப் பற்றித் தாள் பராமரிப்பு தெரிந்தவர்கள் எழுதட்டும், நான் அச்சை மட்டும் சொல்கிறேன்.

வேண்டியது நாலு சாமான். நகைக்கடையில் பாவிக்கும் 10 மடங்கு கண்ணாடி, சாதாரண டோர்ச், காசுத்தாள் சரிபார்க்கும் கழியூதா டோர்ச், அடிமட்டம்.

முதல் தாளில் தட்டுப்படும் பள்ளம் செப்புத் தகட்டின் விளிம்பு. ஈரப்படுத்திய தாளை மையிட்ட தகட்டின் மேல் வைத்து உருளைக்குள் நெருக்கும்போது தகடு இருந்த இடம் அமுங்கிவிடும். ஆனால் பள்ளத்தை மட்டும் பார்த்து அசல் என்று முடிவு கட்ட வேண்டாம், நகல் அச்சிலும் வெறும் தகட்டை வைத்து அழுத்திப் பள்ளம் உண்டாக்கலாம். கோட்டைப் பாருங்க. அறையை இருட்டாக்கி, டோர்ச்சை மேசையோடு படுக்க வைத்து, வெளிச்சம் தாளை உரசிக்கொண்டு போகிற மாதிரிப் பிடியுங்க. செப்பில் வெட்டிய பள்ளத்துக்குள் இருந்த மை தாளில் ஏறியதால் கோடு மயிரளவு எழும்பி நிற்கும். உளியால் வெட்டிய கோடு இரண்டு முனையிலும் ஊசிபோல் மெலியும். அமிலத்தில் அரித்த கோடு ஒரே தடிப்பில் ஓடி மொட்டையாக நிற்கும். ஒரே படத்தில் இரண்டும் இருப்பது சாதாரணம், கிளையையும் நிலத்தையும் அமிலத்தில் அரித்துவிட்டுச் செதிலை மட்டும் உளியால் முடிப்பார்கள்.

பிறகு நிறம். கையால் பூசியிருந்தால் கண்ணாடிக்குள் மூன்று விஷயம் தெரியும். நிறம் கோட்டுக்கு மேலே கிடக்கும், அங்கங்கே கோட்டைத் தாண்டி வழியும், பூச்சு காய்ந்த விளிம்பில் நிறம் தேங்கிச் சற்று இருண்டிருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான பூப்போல வட்டமிட்டிருந்தால் ஓப்செட் நகல். ஒழுங்கே இல்லாத பொடிப்புள்ளி தெளித்த மாதிரி இருந்தால் இங்க்ஜெட்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்க. ஏறக்குறைய 2.5 செ.மீ. இடைவெளியில் செங்குத்துக் கோடுகளும் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தால் கம்பிச்சட்டத்தில் வார்த்த பழைய துணித்தாள். கோடே இல்லாத வழுவழுப்புத் தாளும் பழையதாக இருக்கலாம், 1757 முதல் அது புத்தகத்துக்கு வந்துவிட்டது. கழியூதா டோர்ச்சில் தாள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கு, 1950க்குப் பிந்திய தாள். பழைய துணித்தாள் மங்கிய மஞ்சளாகத்தான் தெரியும்.

மூன்று துளை புத்தகத்தில் தைத்த அடையாளம். அளவையும் கைநிறத்தையும் பார்த்தால் 1789 முதல் 1813 வரை ஜோர்ஜ் ஷோ எழுத்தும் நொடர் குடும்பத்துப் படமுமாகத் தவணையில் வந்த விலங்குத் தொடரோடு பொருத்திப் பார்க்கலாம். அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த அளவில் வேறு புத்தகங்களும் உண்டு. மூலையில் இருக்கும் தகட்டு எண்ணை எடுத்துக்கொண்டு பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையத்தில் உள்ள ஸ்கேனோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிடுங்க. நிறத்தை ஒப்பிட வேண்டாம். கையால் பூசியதால் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளுக்குள்ளேயே நிறம் வேறுபடும். கீழ் ஓரத்தில் பெயருக்குப் பின்னால் 'டெல்.' என்று இருந்தால் வரைந்தவர், 'ஸ்கல்ப்.' செதுக்கியவர், 'லித்.' கல்லில் வரைந்தவர், 'இம்ப்.' அச்சிட்டவர்.

இரண்டாம் தாள்தான் மூன்றிலும் பெறுமதியானது என்பது என் கணிப்பு. ஜோர்ஜ் ஹென்றி ஃபோர்ட், ஊர்வனவற்றைக் கல்லச்சில் வரைந்ததில் முதல்வரிசை ஆள். ஊர்வன ஆய்வாளர் அல்பர்ட் குந்தர் 1864 இல் ரே சொசைட்டி மூலம் வெளியிட்ட பிரித்தானிய இந்திய ஊர்வன நூலுக்கு 26 தகடு (முழுப்பக்கப் படம்) வரைந்தவர் ஃபோர்ட்தான். கல்லச்சில் பள்ளம் இருக்காது, மை தாளோடு சமமாகக் கிடக்கும். கண்ணாடிக்குள் பார்த்தால் கல்லின் சொரசொரப்பில் மெழுகுக் குச்சி உரசிய பொடிமணல் மாதிரி இருக்கும், ஒழுங்கான புள்ளிக்கட்டம் இருக்காது. இருந்தால் அது நகல்.

மூன்றாவதில் அவசரப்பட வேண்டாம். ஜெர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை பத்துப் பத்தாக வெளியிட்ட 100 தகடுகளில் 79 ஆவது ஓணான் வகை. பசிலிஸ்க், பறக்கும் ஓணான், முள்ளுடம்பு மொலொக் எல்லாம் அதில் உண்டு. ஜேனா நகரத்து அடோல்ஃப் கில்ச் கல்லில் ஏற்றினார். காப்புரிமை முடிந்து எத்தனையோ காலம், இந்தப் படத்தைப் போஸ்டராக அச்சிடாத ஊர் இல்லை. கழியூதா டோர்ச்சும் புள்ளிச் சோதனையும் ஒரு நிமிஷத்தில் விடை சொல்லும். ஹெக்கல் 1881 கடைசியில் இலங்கைக்கு வந்து வெலிகமவில் இருந்தவர் என்பதால் 'இலங்கைப் படம்' என்று விற்பார்கள். அந்தத் தகட்டில் உள்ளவை உலகம் முழுக்க இருந்து சேர்த்தவை.

அரணைக்கண்:

முதல் தாளின் நிறத்தைப் பற்றி. நீல ஓணான் என்று எழுதிவிட்டீர்கள். அந்த நீலச் சாம்பலை அப்படியே நம்ப வேண்டாம். நீண்ட வாலும் குறுக்குப் பட்டியும் பச்சை ஓணானைத்தான் காட்டுகின்றன. லின்னேயஸ் 1758 இல் பெயரிட்டது, இன்றைய பெயர் கலோட்டிஸ் கலோட்டிஸ். 19 ஆம் நூற்றாண்டுத் தகடு என்றால் கலோட்டிஸ் ஒபியோமாக்கஸ் என்றும் போட்டிருப்பார்கள். உயிரோடு பார்த்தால் இலைப்பச்சை, முதுகில் வெள்ளைப் பட்டி, வால் உடம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

உறுதிப்படுத்தக் காதுக்கு மேலே பாருங்கள். பச்சை ஓணானுக்குச் சீப்புப் பல் மாதிரி எட்டொன்பது முள் ஒரே வரிசையாக நிற்கும். வேலியில் தலையாட்டும் சாதாரண ஓணானுக்கு, அதாவது கலோட்டிஸ் வெர்சிகலருக்கு, விலகி நிற்கும் இரண்டு சிறு முட்கூட்டம்தான். செதுக்கியவர் செதிலை அக்கறையாகச் செய்திருந்தால் 10 மடங்குக் கண்ணாடியில் இது தெளிவாகத் தெரியும். பழைய ஊர்வனப் படத்தில் முள், செதில், விரல், மூக்குத்துளையை நம்பலாம். நிறம் கடைசிச் சாட்சி.

பச்சை எப்படி நீலமாகும்? இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு.

ஒன்று, பூசிய நிறம் வெளிறியது. அக்காலத்தில் பச்சைக்கு, பிரஷ்யன் நீலத்தோடு கம்போஜ் மஞ்சளைக் கலப்பது வழக்கம். கம்போஜ் மரப்பாலில் இருந்து எடுப்பது, வெளிச்சத்தில் நிற்காது. மஞ்சள் போனால் நீலம் மிஞ்சும்.

மற்றது, வரைந்தவர் கண்டதே நீல ஓணான். மாதிரிகளை மதுசாரத்தில் ஊறவைத்துத்தான் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பச்சை ஓணானின் தோலில் பச்சை நிறப்பொருள் கிடையாது. மேலே மஞ்சள் நிறப்பொருள், கீழே ஒளியைச் சிதறடித்து நீலம் காட்டும் அடுக்கு, இரண்டும் சேர்ந்துதான் பச்சையாகத் தெரிகிறது. மதுசாரம் மஞ்சளைக் கரைத்துவிடும், போத்தலுக்குள் நீலமும் சாம்பலுமான ஓணான் கிடக்கும். லண்டனில் இருந்த ஓவியருக்குக் கிடைத்தது அதுதான்.

இரண்டில் எது என்று அறிய அந்த நாலைந்து இலையைப் பாருங்கள். இலையும் நீலமாகியிருந்தால் மஞ்சள் வெளிறியது. இலை இன்னும் பச்சையாக நிற்க ஓணான் மட்டும் நீலம் என்றால் அது மதுசாரப் போத்தலில் இருந்து வரைந்தது, நிறம் போகவில்லை, அப்படியேதான் பூசியிருக்கிறார்கள்.

கறுப்புப் பட்டிக்கும் இதே எச்சரிக்கை. வெள்ளைப் பட்டிக்கு ஈய வெள்ளை பூசியிருந்தால், காற்றில் உள்ள கந்தகச் சேர்மம் பட்டு அது கறுத்துப்போகும். வெள்ளைப் பட்டி ஓணான் கறுப்புப் பட்டி ஓணானாக மாறி, அதைப் பார்த்து 'புதிய இனம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. டோர்ச்சைப் படுக்க வைத்துப் பாருங்கள், ஈய வெள்ளை சற்றுத் தடித்த பூச்சாக, கறுத்த இடத்தில் உலோகம் மாதிரி இலேசாக மினுங்கும்.

இரண்டாம் தாளின் கொம்பனைப் பற்றிச் சுருக்கமாக. 1864 அளவில் மூக்குக் கொம்பு ஓணான் மூன்றுக்குத்தான் பெயர் இருந்தது, மூன்றும் இலங்கைக்கே உரியவை. கொம்பு கூர்மையான வழுவழுப்பு முள் என்றால் ஸ்டொடார்ட்டி, மலைநாட்டுக்காரன். இலைபோல் தட்டையான தசைக்கொம்பு என்றால் டெனன்ட்டி, நக்கிள்ஸ் மலை. கொம்பைச் சுற்றிக் கூர்ச்செதில் நெருங்கி இருந்தால் அஸ்பெரா, ஈரவலயத் தாழ்காடு. அஸ்பெராவுக்குப் பெயர் வைத்ததே குந்தரின் அந்த 1864 நூலில். எது என்றாலும் நிலாவெளிப் பற்றைக்குள் தேடிப் பயனில்லை.

கின்னியாக்கரை:

இடையில் ஒரு கேள்வி. சிறிய மர அச்சுப் படம், புத்தகப் பக்கத்தின் நடுவில் எழுத்தோடு சேர்ந்து இருக்கு. உடும்பா கபரகொய்யாவா (நீர் உடும்பு) என்று தெரியேல்ல. நிறமும் இல்லை.

அரணைக்கண்:

மூக்குத்துளை எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவளவில், சாய்ந்த கீறல் போல் இருந்தால் உடும்பு. நுனிக்குக் கிட்ட, வட்டமாக இருந்தால் கபரகொய்யா. பழைய நூல்களில் பெயரை வைத்துத் தேடினால் குழம்புவீர்கள், கபரகொய்யாவை ஹைட்ரோசாரஸ் சல்வேட்டர் என்று எழுதிய காலம் உண்டு.

'செய்லான்' என்று அச்சிட்டிருப்பதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். அல்பர்ட்டஸ் சேபா ஆம்ஸ்டர்டாமில் மருந்துக்கடை வைத்திருந்தவர், கப்பலில் வருகிறவர்களிடம் வாங்கிச் சேர்த்தவர். 1734 முதல் 1765 வரை நாலு பாகமாக வந்த அவருடைய படநூலில் ஊர்ப்பெயர்கள் தாறுமாறு. அமெரிக்க விலங்குக்கும் இலங்கை என்று போட்டிருப்பார்.

செப்புத்தகடு:

எழுத்தோடு ஒரே பக்கத்தில் என்றால் மர அச்சுத்தான். ஈய எழுத்தின் உயரத்துக்கே மரக்கட்டையும் இருப்பதால் சேர்த்துப் பூட்டி அச்சிடுவார்கள். பக்கத்தைத் திருப்பி விரலால் தடவுங்க, பின்பக்கம் இலேசாகப் புடைத்திருக்கும். எமர்சன் டெனன்ட் 1861 இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலின் படங்கள் இந்த வகை.

தாள்_வைத்தியம்:

பராமரிப்புக்கு வருகிறேன். இதில் பிழைத்தால் திருத்த முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எலுமிச்சம்புளி அமிலம், தாளை அரிக்கும். வீட்டு பிளீச்சில் குளோரின், புள்ளியோடு சேர்த்துத் தாளின் நாரையும் அறுக்கும். இன்று வெள்ளையாகத் தெரிந்த இடம் ஆறு மாதத்தில் மஞ்சளாகித் தொட்டால் உடையும். அதோடு கைநிறம் மரப்பிசினில் குழைத்தது, ஒரு சொட்டுத் தண்ணீரே அதைக் கரைத்துவிடும். கபிலப் புள்ளி பங்கசாலும் தாளுக்குள் இருக்கும் இரும்புத் துணுக்காலும் வருவது. புதிதாகப் பரவாமல் தடுத்தால் போதும், இருப்பதை விட்டுவிடுங்கள். கறை பெரிதாக இருந்தால் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தின் தாள் பராமரிப்புப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

புள்ளி வேறு, பூஞ்சணம் வேறு. பஞ்சுபோல் எழும்பி, தூரிகை பட்டால் இழுபட்டால் அது உயிருள்ள பூஞ்சணம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் நாருக்குள் அழுந்திவிடும். வேறு தாள்களில் இருந்து பிரித்து, வெயில் படாத காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, அது தூளாக உலர்ந்த பிறகு வாசலில் வைத்து, என்95 முகமூடியோடு மென்தூரிகையால் ஒரே திசையில் தட்டி எடுங்கள். பச்சை நிறத்தின் மேல் மட்டும் தூரிகை வைக்க வேண்டாம். 1814 க்குப் பிந்திய பளீர்ப் பச்சையில் ஆர்செனிக் இருக்கலாம், கையுறை போடுங்கள், பிறகு சவர்க்காரத்தால் கழுவுங்கள். செம்புப் பச்சை என்றால் வேறு தொல்லை, அது தாளை எரித்துவிடும். தாளைத் திருப்பினால் பச்சை இருந்த இடத்துக்கு நேர் பின்னால் கபில நிழல் தெரியும், அந்த இடத்தில் வளைத்தால் வெடிக்கும்.

ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று ஓரங்களைப் பாருங்கள், மேற்பரப்பைச் சுரண்டித் தின்ற மாதிரித் தெரியும். சந்தேகம் என்றால் தாளை இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, சிப் வைத்த பிளாஸ்டிக் பையில் காற்றைப் பிதுக்கி மூடி, மைனஸ் 20 பாகையில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் திறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. குளிர்ந்த தாளில் நம் ஊர்க் காற்றின் ஈரம் துளியாகப் படியும். மூடிய பையோடு 24 மணித்தியாலம் விட்டுப் பிறகு திறவுங்கள். வேப்பிலையைத் தாளுக்கு இடையில் வைப்பது பழக்கம், ஆனால் இலைச்சாறு கறை விடும். வைப்பதென்றால் துணிப்பையில் கட்டி அலுமாரி மூலையில்.

ஈரம்தான் திருமலையில் பெரிய எதிரி. சாரீரப்பதன் (காற்றில் உள்ள ஈரத்தின் அளவு) 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பங்கசு எழும்பும், 45 முதல் 55 வரை வைத்தால் நல்லது. வாடைக்காலத்தில் கடல் பக்கத்துச் சுவர் பல நாள் வியர்த்தபடி நிற்கும், உங்கள் கிழக்குச் சுவரை மறந்துவிடுங்கள். கடலுப்பும் சேர்ந்துகொள்ளும். உப்புப் படிவு 75 சதவீத ஈரத்தில் காற்றில் இருந்தே தண்ணீர் குடித்துக் கசியத் தொடங்கும், ஆணி துருப்பிடித்து மட்டைக்குள் இறங்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் திருகு மட்டும் பாவியுங்கள்.

ஈரமானி ஒன்று வாங்குங்கள், ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. போத்தல் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சிப் பைக்குள் மூடி ஒரு இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் கருவி 5 கூட்டிச் சொல்கிறது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் போடுவதென்றால் முறை இது. பின்மட்டையும் சன்னல் வெட்டிய முன்மட்டையும் அமிலமற்ற பருத்தி மட்டை, 1.4 மி.மீ. அளவு தடிப்பு. சன்னல் மட்டை அழகுக்கு இல்லை, கண்ணாடி தாளைத் தொடாமல் இருக்க. தொட்டால் கண்ணாடியில் படியும் ஈரத்தில் மையும் நிறமும் ஒட்டிக்கொள்ளும். மட்டையில் காரம் கலந்ததையே வாங்குங்கள், அமிலத்தை அது உறிஞ்சும். தாளின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு ஜப்பான் மென்தாள் கீல் (பசையால் ஒட்டும் சிறு பட்டி), மற்ற மூன்று பக்கமும் விட்டுவிட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் மாரியில் விரியும் தாளுக்கு இடமில்லாமல் நெளியும், வறண்ட கச்சான் காற்றில் சுருங்கும்போது கிழியும். செலோரேப் தொடவே கூடாது.

பசைக்குக் கோதுமை மாவை அப்படியே காய்ச்ச வேண்டாம், அதில் உள்ள பசையம் மஞ்சளாகும். மாவைப் பிசைந்து அரை மணித்தியாலம் வைத்து, துணியில் கட்டித் தண்ணீருக்குள் கசக்கினால் வெள்ளை மாப்பொருள் அடியில் இறங்கும், பசையம் துணிக்குள் நிற்கும். தண்ணீரை வடித்து அந்த வெள்ளையை உலர்த்தி, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீரில் ஊறவைத்து, குறைந்த நெருப்பில் இருபது நிமிஷம் கைவிடாமல் கிண்டுங்கள். பால் நிறம் போய்க் கண்ணாடிபோல் வரும்போது இறக்கி, ஆறிய பின் மெல்லிய துணியில் வடித்து, தயிர்ப் பதத்துக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் நாலு நாள் இருக்கும், புளித்த வாசம் வந்தால் கொட்டிவிடுங்கள். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவார்கள். இந்த வேலைக்கு அது ஆகாது, செம்பு உப்பு தாளை எரிக்கும்.

இன்னொரு விஷயம், சட்டத்தை மூடுகிற நாள். மட்டை ஸ்பொஞ்சு மாதிரி. மழை நாளில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள், பிறகு எத்தனை அடுக்குப் பிளாஸ்டிக் ஒட்டினாலும் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். தாளையும் மட்டையையும் ஏசி அறையில் 50 சதவீதத்தில் மூன்று நாலு நாள் பரப்பி வைத்து, அதே அறையிலேயே மூடுங்கள். ஏசி இல்லையென்றால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் பொழுது. சட்டத்தின் கீழ் மூலைகளில் 1 செ.மீ. தக்கைத் துண்டு ஒட்டி, சுவரில் இருந்து விலக்கி மாட்டுங்கள்.

செப்புத்தகடு:

அக்கா சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். முதல் தாளுக்குக் காரம் கலந்த மட்டை வேண்டாம். பிரஷ்யன் நீலம் காரம் பட்டால் கபிலமாகும். அதற்குக் காரமில்லாத பருத்தி மட்டை. நிறமில்லாத இரண்டாம் தாளுக்குக் காரமட்டை சரி.

தாள்_வைத்தியம்:

சரி, அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி மட்டையில் காரம் கலக்காததும் கிடைக்கும், வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

உவர்மலையான்:

எல்லாருக்கும் நன்றி. கடையில் இருந்து தாள்களைத் திருப்பி எடுத்தாச்சு. சோதனை பார்த்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் தாள் கழியூதா டோர்ச்சில் வெள்ளைச் சட்டை மாதிரி நீலமாக ஒளிர்ந்தது, கண்ணாடியில் பூப்போலப் புள்ளி. நகல்தான். இரண்டாம் தாளில் புள்ளிக்கட்டம் இல்லை, பொடிமணல் மாதிரித்தான், ஒளிரவும் இல்லை. கொம்பைச் சுற்றிக் கூர்ச்செதில் தெரியுது.

முதல் தாளில் கோடு எழும்பி நிற்குது, இரு முனையும் மெலிந்திருக்கு. காதுக்கு மேலே முள் எட்டு, ஒரே வரிசை. இலை பச்சையாகவே இருக்கு. ஓணான் மட்டும்தான் நீலம். ஆனால் இலைக்குப் பின்பக்கம் தாளைத் திருப்பினால் இலேசான கபில நிழல். பட்டியில் தடித்த பூச்சு, சரித்துப் பார்த்தால் மினுங்குது.

இனி முதல் தாளைச் சுவரில் மாட்டலாமா? நிறத்தைச் சரி செய்ய ஏலுமா?

அரணைக்கண்:

கொஞ்சம் பொறுங்கள். இலைக்குப் பின்னால் கபில நிழல் என்றால் இலைக்குப் பூசியது செம்புப் பச்சை. அது வெளிச்சத்தில் கம்போஜ் மாதிரி வெளிறாது. அப்படியானால் நான் சொன்ன இலைச் சோதனை உங்கள் தாளில் செல்லாது, இலையும் ஓணானும் வேறு வேறு நிறப்பொருள். ஓணானுக்குக் கலவைப் பச்சை பூசி மஞ்சள் போயிருக்கவும் கூடும்.

வேறு வழி இருக்கிறது. ஓணான் உடம்பின் மடிப்புகள், வாலின் அடிப்பகுதி, விரலிடுக்கு, நிறம் தேங்கிக் காய்ந்த விளிம்பு ஆகியவற்றை 10 மடங்கில் பாருங்கள். தடித்துத் தேங்கிய இடத்தில் மஞ்சள் முழுக்கப் போவதில்லை. அங்கே பச்சைக் கீற்று தெரிந்தால் வெளிறியது. அங்கும் சுத்த நீலம் என்றால் போத்தல் ஓணான். இணையத்தில் அதே தகட்டின் இன்னொரு பிரதி கிடைத்தால் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நிறத்தையும் ஒப்பிடலாம். பட்டி கறுத்த ஈய வெள்ளைதான், அதில் சந்தேகமில்லை.

தாள்_வைத்தியம்:

நிறத்தைத் திருத்த வேண்டாம். கறுத்த ஈய வெள்ளையை ஐதரசன் பேரொட்சைட்டால் வெளுக்கும் முறை உண்டு, ஆய்வுகூடத்தில் செய்கிற வேலை. பக்கத்தில் இருக்கும் பிரஷ்யன் நீலத்தையும் செம்புப் பச்சையையும் அது சும்மா விடாது.

மாட்டுவது நகலாக இருக்கட்டும். கைநிறத் தாளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் எல்லை, நம் வீட்டு மண்டபத்தில் பகலில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக ஸ்கேன் எடுங்கள், பக்கத்தில் அடிமட்டமும் நிற அட்டையும் வைத்து. ஸ்கேனர் மூடியைத் தாளின் மேல் அழுத்த வேண்டாம், செம்புப் பச்சை இருந்த இடம் வெடிக்கும். ஓரத்தில் நாலு மட்டைத்துண்டு வைத்து மூடியைத் தாங்க விடுங்கள். இரண்டாம் தாள் பெரியது, சாதாரண ஏ4 ஸ்கேனரில் இரண்டாக எடுத்து ஒட்ட வேண்டி வரும். அதற்குப் பதில் கமராவை நேர் மேலே பூட்டி, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து எடுங்கள். பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிட்டால் மூன்று முழத் தூரத்தில் வித்தியாசம் தெரியாது.

அசல் இரண்டையும் தனித்தனி அமிலமற்ற மடிப்புறையில் போட்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் கிடையாக வையுங்கள். 25 லீற்றர் பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், செம்மஞ்சள் வகை. நீல வகையில் கோபால்ற்று இருக்கிறது. நிறம் மாறினால் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் வறுத்து மீண்டும் போடலாம். ஈரமானி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், 40 க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள்.

உவர்மலையான்:

விரலிடுக்கில் பார்த்தேன். நடுவிரலுக்கும் நாலாம் விரலுக்கும் இடையில், கோட்டோடு ஒட்டி, ஊசி முனையளவு பச்சை.

அரணைக்கண்:

அப்போ வெளிறியதுதான். ஸ்கேன் எடுக்கும்போது அந்த இடத்தை மட்டும் 1200 டிபிஐயில் தனியாக எடுத்து வையுங்கள். நகல் அச்சிடுகிறவருக்கு ஓணானின் பழைய பச்சை அதிலிருந்து கிடைக்கும்.